குறிப்பெடுக்கும் வேலை யாருக்கு?

ஆசிரியருக்கு வணக்கம். வேலைக்குப் போகும் பெண்களுக்கு ‘தைரியமாகப் பேசுங்கள்’ என்றே எல்லோரும் அறிவுரை சொல்கிறார்கள். சரி, பேசினால் ‘திமிர்’ என்கிறார்களே, அதற்கு என்ன பதில்? மீட்டிங்கில் குறிப்பெடுப்பது, பிறந்தநாளுக்குக் கேக் வாங்குவது, புதிதாக வந்தவருக்கு வேலை சொல்லித்தருவது எல்லாம் எங்கள் தலையில்தான் விழும், ஆனால் பதவி உயர்வுப் பேச்சு வரும்போது இதெல்லாம் கணக்கிலேயே வராது. 2023இல் பொருளாதார நோபல் பெற்ற கிளாடியா கோல்டின், ஆண் பெண் சம்பள இடைவெளி பெரும்பாலும் முதல் குழந்தைக்குப் பிறகுதான் விரிகிறது என்று காட்டினார். அதனால் தோழிகளே, இப்படிச் செய்த வேலையையெல்லாம் தேதியோடு எழுதி வையுங்கள், சம்பளம் பேசும் நாளில் அந்தத் தாளை மேசையில் போடுங்கள். அப்புறம், குறிப்பெடுப்பதை எல்லோரும் முறைவைத்துச் செய்யட்டும் என்று கேளுங்கள்; முதல் வாரம் முகம் சுளிப்பார்கள், நான் பார்த்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி