செயலாளரின் ஆண்டறிக்கை 2024-25: மாடி அறை ஓவிய வகுப்பு பற்றிய விவரங்களுடன்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, தெருவாசிகளே, அனைவருக்கும் வணக்கம்.

கடந்த ஏப்ரல் முதல் இந்த மார்ச் முடிய நம் சங்கத்தில் நடந்தவற்றைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். வழக்கமான வேலைகளை முதலில் சொல்லி முடித்துவிடலாம். தெருமுனை விளக்கு மாற்றியாகிவிட்டது. ஐப்பசி மழைக்கு முன்பே சாக்கடை தூர்வாரப்பட்டது. பொங்கல் விளையாட்டுப் போட்டிகள் வழக்கம்போல் நடந்தன, உறியடியில் வழக்கம்போல் தகராறும் நடந்தது. சங்கக் கட்டடத்துக்கு வெள்ளை அடிக்கும் வேலை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகிறது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

இந்த ஆண்டு புதிதாகத் தொடங்கியது ஒன்றே ஒன்றுதான்: சனிக்கிழமை ஓவிய வகுப்பு. 'சங்கப் பணத்தில் பெயின்ட் வாங்கி விளையாடுகிறார்கள்' என்று ஒரு பேச்சு தெருவில் உலவுவதால், அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியர் ஒருவர் நம் தெருவுக்குக் குடிவந்ததில் தொடங்கியது இது. அந்தக் காலத்து அரசு தொழில்நுட்பத் தேர்வில் ஓவியத்தில் இளநிலை, முதுநிலை இரண்டும் எழுதி, பள்ளியில் டிராயிங் மாஸ்டராக இருந்தவர். தொண்டையைப் பிடித்தாலும் சம்பளம் வாங்கமாட்டேன் என்றார். டீ மட்டும் குடிப்பார், அதுவும் சர்க்கரை இல்லாமல். அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட்டதும் குழந்தைகளைவிடப் பெரியவர்கள்தான் அதிகம் பெயர் கொடுத்தார்கள். பள்ளியில் மாம்பழமும் தேசியக் கொடியும் வரைந்ததோடு நிறுத்தியவர்கள்தான் பெரும்பாலும். மேலக்கோடி வீட்டு ஆச்சி எழுபதைத் தாண்டியவர், கையில் பிரஷ் பிடித்ததே இல்லை.

வந்தவர்களில் பாதிப் பேர் எதிர்பார்த்தது தஞ்சாவூர் ஓவியம். தங்க ரேக்கு, அதாவது மெல்லிய தங்கத் தகடு ஒட்டிய கிருஷ்ணனை முடித்துப் பூஜை அறையில் மாட்ட வேண்டும் என்பது அவர்கள் ஆசை. மாஸ்டர் பிடி கொடுக்கவில்லை. பலகையில் துணி ஒட்டி, சுண்ணாம்புப் பொடியும் பசையும் கலந்து பூசி, காய்ந்ததும் தேய்த்து வழவழப்பாக்கி, கோடு போட்டு, மக்கு என்னும் சுண்ணாம்புப் பசை வைத்து மேடு எழுப்பி, கல் பதித்து, ரேக்கு ஒட்டி, அதற்கப்புறம்தான் அதில் வண்ணமே வரும். முகத்தையும் கண்ணையும் எழுத வரும்போது கோடு கைக்குள் இல்லையென்றால் அவ்வளவு தங்கமும் வீண் என்றார். 'கோடு வரட்டும், கிருஷ்ணர் எங்கேயும் போகமாட்டார்' என்று அவர் சொன்னதற்குச் சிரித்தார்கள். ஆனாலும் இரண்டு மூன்று பேர் அடுத்த வாரம் வரவில்லை.

முதல் சில வாரங்கள் பென்சில் மட்டும்தான். 2பி, 4பி, 6பி என்று மூன்று, எண் ஏற ஏற மென்மையும் கறுப்பும் கூடும். வரிசையாகக் கட்டம் போட்டு, வெள்ளையிலிருந்து கறுப்பு வரை படிப்படியாக நிழல் ஏற்ற வேண்டும். அப்புறம் மேசையில் ஒரு கத்தரிக்காய், ஒரு பித்தளைச் சொம்பு. ஜன்னல் ஒரு பக்கம் மட்டும் திறந்திருக்கும். வெளிச்சம் எங்கே விழுகிறது, நிழல் எங்கே கனக்கிறது, மேசையிலிருந்து திரும்பி அடிப்பக்கத்தில் மெல்லியதாக ஏறும் வெளிச்சம் எது என்று பார்க்க வேண்டும். 'படம் எப்ப மாஸ்டர் வரையறது?' என்று ஒரு அம்மா கேட்டார். 'இதுதாம்மா படம்' என்றார் மாஸ்டர். அடுத்து ஒரே ஒரு பழுப்பு வண்ணத்தைத் தண்ணீரில் கரைத்து அதே சொம்பு. வண்ணப் பெட்டி திறக்கப்பட்டபோது ஆடி பிறந்துவிட்டது. வகுப்பில் ஆள் குறைந்ததற்கு நான் கண்ட காரணம் இதுதான். குறை என்று நான் நினைக்கவில்லை. அந்தக் கத்தரிக்காய் முன்னால் பொறுமையாக உட்கார்ந்தவர்கள்தான் இன்றும் வருகிறார்கள்.

இனி பணம் போன விதத்துக்கு வருகிறேன்.

சங்கம் வாங்கியது முக்கியமாக ஒன்று, தாள். தொடங்கியபோது ஆளாளுக்குக் கடையில் கிடைத்த ஸ்கெட்ச் நோட்டோடு வந்தார்கள். பென்சிலுக்கு அது தாங்கும். தண்ணீர் பட்டதும் நொடித்து அலை அலையாக எழும்பியது. பள்ளத்தில் வண்ணம் தேங்கியது. சரிசெய்கிறேன் என்று மறுபடி பிரஷ் வைத்தால் மேல்தோல் உரிந்து திரித்திரியாக வந்தது. எல்லோரும் தங்கள் கையைத்தான் நொந்துகொண்டார்கள். 'எனக்கு வராது செயலாளரே, விடுங்க' என்று ஓய்வு பெற்ற தபால்காரர் கிளம்பியே விட்டார். மாஸ்டர் அவரை உட்கார வைத்து, தன் பையிலிருந்து ஒரு துண்டு 300 ஜிஎஸ்எம் தாளை, அதாவது சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள கெட்டித் தாளை எடுத்து முன்னால் வைத்தார். அதே வண்ணம், அதே பிரஷ், அதே கை. அன்றைக்கு நான் பக்கத்தில் நின்று பார்த்தேன், அதனால் விவரமாகச் சொல்கிறேன்.

தாளின் நான்கு ஓரத்தையும் டேப்பால் பலகையில் ஒட்டினார்கள். பலகையின் தலைப்பக்கத்துக்கு அடியில் ஒரு புத்தகம், லேசான சரிவுக்கு. ஒரு கிண்ணத்தில் நீலத்தைத் தேவைக்கு அதிகமாகவே கரைத்துவைத்தாயிற்று, பாதியில் தீர்ந்தால் மறுபடி அதே அடர்த்தி வராது. பட்டைப் பிரஷை நன்றாகத் தோய்த்து, மேலே இடமிருந்து வலமாக ஒரே இழுப்பு. கோட்டின் அடியோரத்தில் வண்ணத் தண்ணீர் திரண்டு உருண்டு நின்றது. அடுத்த இழுப்பு அந்தத் திரட்சியைத் தொட்டு அதைக் கீழே கூட்டிக்கொண்டு வர வேண்டும். இப்படியே அடிவரை. கடைசியில் பிரஷைப் பிழிந்து, நின்ற தண்ணீரை அதால் உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். விட்டுவைத்தால் அது திரும்ப மேலே ஏறிப் பிசிறடித்துக் கறை கட்டிவிடும். அவ்வளவுதான், மேடு பள்ளம் இல்லாத ஒரு வானம் வந்துவிட்டது. தபால்காரர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் 'இன்னொரு துண்டு இருக்கா?' என்று கேட்டார்.

அதற்கடுத்த செயற்குழுவில்தான் நல்ல தாள் வாங்கும் தீர்மானம் வந்தது. முழுத் தாள் 22க்கு 30 அங்குலம். கால் பங்கு பருத்தி கலந்தது போதும் என்று முடிவானது. முழுப் பருத்தித் தாளில் ஈரம் இன்னும் நெடுநேரம் நிற்கும் என்றாலும், பழகுகிறவர்களுக்கு அந்த விலை பயத்தைக் கொடுக்கும், பயந்த கை ஓடாது. ஒரு தாளின் விலையைக் கேட்டதும் பொருளாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதை எட்டாக வெட்டினால் ஏழரைக்குப் பதினோரு அங்குலத் துண்டுகள். இரண்டு பக்கமும் வரையலாம். ஒரு துண்டின் விலை டீ வடைச் செலவுதான் என்று கணக்குப் போட்டுக் காட்டியதும் கையெழுத்துப் போட்டார். வெட்டுக் கத்தியும் இரும்பு ஸ்கேலும் அவர் பொறுப்பில்தான் இருக்கின்றன, கேட்டால் தருவார்.

வண்ணத்தில் சங்கம் சிக்கனமாகவே இருந்தது. சிலர் முன்கூட்டியே முப்பத்தாறு வண்ணங்கள் கொண்ட பெட்டிகளை வாங்கி வந்திருந்தார்கள். அவற்றில் பல வண்ணங்கள் ஒன்றோடொன்று கலந்தால் சேறாகின்றன. மாஸ்டர் எழுதிக் கொடுத்த பட்டியலில் இருந்தவை: எலுமிச்சை மஞ்சள், காவி மஞ்சள், ஒரு கிரிம்சன் சிவப்பு, அல்ட்ராமரீன் நீலம், பர்ன்ட் சியன்னா என்னும் செங்காவி. பச்சை வேண்டுமென்றால் கலந்துகொள். கறுப்பு வேண்டவே வேண்டாம். அல்ட்ராமரீனும் பர்ன்ட் சியன்னாவும் கெட்டியாகச் சேர்ந்தால் கறுப்பு, தண்ணீர் கூடினால் மழைமேகச் சாம்பல், நீலம் தூக்கலானால் அந்திநேரத்து மலை, செங்காவி தூக்கலானால் பனைமரத்தின் அடிப்பகுதி. இந்த இரண்டே வண்ணத்தில் ஒரு முழு மாதம் ஓடியது. வெள்ளையும் வாங்கவில்லை, வாட்டர் கலரில் தாள்தான் வெள்ளை. விட வேண்டிய இடத்தை முதலிலேயே விட்டுவிட வேண்டும். இது புரிவதற்குத்தான் எல்லோருக்கும் நாளானது.

டியூப்புகள் மாணவர் தரம்தான், நம் ஊர் ஸ்டேஷனரிக் கடையிலேயே கிடைப்பவை. கலைஞர் தரத்தில் நிறமி கூடுதல், நிரப்பிப் பொருள் குறைவு, விலை பல மடங்கு. கையில் காசு கொஞ்சம்தான் என்றால் தாளில் போடுங்கள், வண்ணத்தில் மிச்சம் பிடியுங்கள் என்பது மாஸ்டரின் கட்சி. என் கட்சியும் அதுதான். சின்ன டியூப்பில் நாம் வாங்கிய அல்ட்ராமரீனும், அந்தக் காலத்தில் வெள்ளை வேட்டிக்குப் போட்ட நீலப் பொடியும் அடிப்படையில் ஒரே சரக்கு என்று தெரிந்ததும் ஆச்சிக்குத்தான் பெரிய ஏமாற்றம். 'இதுக்கா இவ்வளவு காசு?' என்றார். ஒரு காலத்தில் ஆப்கானிஸ்தானத்துக் கல்லை அரைத்து எடுத்த நிறம் அது, பிரான்சில் 1820களில் செயற்கையாகச் செய்யக் கற்ற பிறகுதான் சலவைக்குப் போடும் அளவுக்கு மலிந்தது என்று மாஸ்டர் விளக்கினார்.

புகார்கள் சில வந்தன. வாஷ்பேசினில் வண்ணத் தண்ணீர் ஊற்றிக் கறையாக்கியது உண்மை. இப்போது வாசலில் தனி வாளி வைத்திருக்கிறோம். பிரஷ்களைத் தண்ணீர் டம்ளரில் தலைகீழாக நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போவது இன்னும் நிற்கவில்லை. முடி வளைந்துவிடும், உலோகப் பூணுக்குள் தண்ணீர் இறங்கிக் கைப்பிடி வெடிக்கும். சோப்பில் அலசி, விரலால் நுனி சேர்த்து, படுக்க வைக்க வேண்டும். இன்னொன்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது: நுனியைக் கூராக்கப் பிரஷை வாயில் வைக்கும் பழக்கம். சில மஞ்சளிலும் சிவப்பிலும் காட்மியம் இருக்கிறது. சிறுவர்கள் பெரியவர்களைப் பார்த்துத்தான் செய்கிறார்கள். இது சம்பந்தமாக யார் பெயரையும் நான் சொல்லவில்லை, அவர்களுக்கே தெரியும்.

வெயில் காலத்தில் வகுப்பைக் காலை ஆறரைக்கு மாற்றினோம். கோடை வெயிலில் பத்து மணிக்கு மேல் பிரஷ் தாளைத் தொட்டதும் வண்ணம் காய்ந்து கோடு விழுகிறது. கார்த்திகையில் நேர்மாறு, ஒரு பூச்சு காய்வதற்குள் டீ, பேச்சு, மறுபடி டீ. ஒருவர் வீட்டிலிருந்து தலைமுடி உலர்த்தும் மெஷினைக் கொண்டு வந்ததும் அந்தப் பிரச்சினை தீர்ந்தது, மின்கட்டணம் சிறிது கூடியது.

தை மாதத்தில் வகுப்பினர் சித்தன்னவாசல் போய் வந்தார்கள். வேன் செலவு அவரவர் பங்கு, சங்கக் கணக்கில் ஒரு பைசா ஏறவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். புதுக்கோட்டையில் பிறந்து வளர்ந்தும் அங்குள்ள சமணக் குகைக் கோயிலுக்குள் அதுவரை கால் வைக்காதவர்கள் வேனில் நிறையப் பேர். அறிவர் கோயில் எனப்படும் அந்தக் குகையின் விதானத்தில், அதாவது மேற்கூரையில் இருக்கும் தாமரைக் குளம் ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் கோயிலைப் புதுப்பித்ததாக அங்கே கல்வெட்டு இருக்கிறது. மங்கியும் உதிர்ந்தும் போனது போக மிஞ்சியதிலேயே மீன், வாத்து, எருமை, யானை, பூப்பறிக்கும் ஆள் எல்லாம் தெரிகின்றன. மாஸ்டர் அங்கே வரலாறு பேசவில்லை. 'எத்தனை வண்ணம்னு எண்ணுங்க' என்றார். சுண்ணாம்பு வெள்ளை, கரி, மஞ்சள் காவி, செங்காவி, பச்சை மண், ஒரு நீலம். ஆறு. முப்பத்தாறு வண்ணப் பெட்டிக்காரர் அதற்கப்புறம் அந்தப் பெட்டியைப் பேரனுக்குக் கொடுத்துவிட்டதாகக் கேள்வி.

ஆச்சி அங்கிருந்து வந்து வரைந்த தாமரை இலை ஒன்று அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. இலையின் ஓரம் மடங்கும் இடத்தில் வெள்ளையை விட்டிருக்கிறார், பாருங்கள். வேறு சிலரின் படங்களும் அங்கே உள்ளன. ஜன்னலை ஒட்டி மாட்டியதில் ஆலிசரின் கிரிம்சன் போட்ட செம்பருத்தி வெளிறத் தொடங்கிவிட்டதால் பலகையை உள்சுவருக்கு மாற்றச் சொல்லியிருக்கிறேன்.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்காகச் செயற்குழு வைப்பவை: தாள் வாங்கும் செலவை அடுத்த ஆண்டும் சங்கமே ஏற்பது, வண்ணமும் பிரஷும் அவரவர் வாங்கிக்கொள்வது, வசதி இல்லாத பிள்ளைகளுக்கு மட்டும் சங்கம் தருவது, வாசல் குழாயடியில் கழுவ ஒரு சிமென்ட் தொட்டி கட்டுவது. தொட்டிக்குப் பதில் இன்னொரு தெருவிளக்கு போடலாம் என்று ஒரு உறுப்பினர் கடிதம் கொடுத்திருக்கிறார், அதையும் இதோடு சேர்த்து விவாதத்துக்கு வைக்கிறேன்.

புதிய வகுப்பு வைகாசியில் தொடங்கும். தஞ்சாவூர் ஓவியம் கேட்டவர்களுக்கு: கோடு பழகியவர்களுக்கு மட்டும் இந்த ஆண்டு பலகை தயாரிப்பிலிருந்து சொல்லித்தர மாஸ்டர் சம்மதித்திருக்கிறார். பலகையும் ரேக்கும் அவரவர் செலவு. பெயர் கொடுப்பவர்கள் இப்போதைக்கு 2பி பென்சில் ஒன்றும் ரப்பர் ஒன்றும் வாங்கினால் போதும். பெட்டியாக எதையும் வாங்கிவிட வேண்டாம்.

இப்படிக்கு,
செயலாளர்