கொல்லைக்கு இங்கே கிராஃப்ட் என்று பேர்

வின்செஸ்டர், இங்கிலாந்து,
செப்டம்பர் 28

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். குறுவை அறுப்பு முடிந்ததா? பணம் போட்டிருக்கிறேன், மிஷின் வாடகையை அதிலேயே கொடுத்துவிடுங்கள். அம்மா முழங்காலுக்குத் தைலம் தேய்த்தே காலத்தை ஓட்டுகிறாள். டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

இங்கிலீஷ் பழகிவிட்டதா என்று போனில் கேட்டீர்களே. வார்டு இங்கிலீஷ் பழகிவிட்டது. அதைத் தாண்டினால் இன்னும் தடுமாற்றம்தான். அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன், சிரிக்கக்கூடாது. கவிதை படிக்கிறேன்.

வார்டில் ஒரு பாட்டி இருந்தார், பழைய பள்ளிக்கூட டீச்சர். வீட்டுக்குப் போகிற அன்று ஒரு கவிதையைத் தாளில் எழுதி என் கையில் கொடுத்தார். கீட்ஸ் என்பவர் இலையுதிர் காலத்தைப் பற்றி எழுதியது. மொத்தம் 33 வரி. 1819 செப்டம்பர் 19, ஞாயிற்றுக்கிழமை, இதே ஊரில் உலாவப் போய்விட்டு வந்து எழுதியிருக்கிறார். அவரும் லண்டனில் ஆஸ்பத்திரிப் படிப்புப் படித்தவர்தான். காசநோய் வந்து 25 வயதில் போய்விட்டார்.

முதல் தடவை படித்தபோது பாதி புரியவில்லை. தலையில் சுமையோடு ஒரு கிளீனர் ஓடையைக் கடக்கிறாள் என்று வந்தது. நம் ஊர் லாரி கிளீனரும் எங்கள் வார்டைக் கூட்டும் அம்மாவும்தான் கண்ணுக்குள் வந்தார்கள். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான், ஆனால் இங்கிலீஷில் முதலெழுத்து வேறு: அதற்கு C, கவிதையில் வருவதற்கு G. அகராதியைப் பார்த்தால், அறுப்பு முடிந்த வயலில் சிந்திய கதிரைப் பொறுக்குகிறவள்! நம் அப்பாயி அப்பா. கட்டைத் தலையில் வைத்து, ஒரு கையை வீசிக்கொண்டு, வாய்க்காலுக்குப் பாலமாகப் போட்ட தென்னைமரத்தின் மேல் நடந்து வருவாளே, அதே நடை.

அப்புறம் சாலோ. ஆஸ்பத்திரியில் நோயாளியின் தோல் மஞ்சளடித்து வெளுத்திருந்தால் அப்படி எழுதுவோம். கவிதையிலோ ஆற்றோரச் சாலோக்களின் நடுவே கொசுக்கள் ஒப்பாரி வைக்கின்றன. ஆற்றங்கரையில் எதற்கு நோயாளிகள் என்று குழம்பினேன். அது ஒரு மரமாம், வில்லோ சாதி. இந்த ஊர் இட்சன் ஆற்றங்கரையில் தினமும் அதன் நிழலில்தான் நடந்து போகிறேன், பேர் தெரியாமலே.

ஒவ்வொன்றாகப் பார்க்கப் பார்க்க எல்லாம் நம் வீட்டுச் சொல்லாகவே இருக்கிறது. வின்னோயிங் என்றால் தூற்றுவது. கிராஃப்ட் என்றால் வீட்டை ஒட்டிய சின்ன நிலம், நம் கொல்லை மாதிரி. போர்ன் என்ற சொல்லுக்கு ஓடை என்றும் எல்லை என்றும் இரண்டு பொருள். ஆற்றுக்கும் புடவைக்கும் நாம் ஒரே கரையைச் சொல்லவில்லையா? நடுவில், பாதி அறுத்த வயலில் பாப்பிப் பூ வாசத்தில் மயங்கி ஒரு ஆள் தூங்குகிறது. அரிவாள் அடுத்த வரிசையைத் தொடாமல் கிடக்கிறது. கவிஞருக்கு அது அழகு. நம் வயலாக இருந்தால் நீங்கள் போட்ட சத்தத்தில் ஊரே எழுந்திருக்கும்.

ஸ்டபிள் என்றால் அறுத்த பிறகு நிற்கும் தாள். அது பார்க்க வெதுவெதுப்பாக இருக்கிறது, வசந்தகாலக் குளிர்ந்த பச்சையைவிட இதுதான் பிடிக்கிறது என்று கவிதை எழுதி இரண்டு நாள் கழித்து கீட்ஸ் ஒரு நண்பருக்கு எழுதியிருக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை நானும் ஊருக்கு வெளியே போய்ப் பார்த்தேன். கோதுமைத் தாள், சாயங்கால வெயிலில் உண்மையிலேயே கதகதவென்றுதான் இருந்தது. கோட்டைக் கழற்றவில்லை, அது வேறு விஷயம்.

ஒரு சொல்லுக்கு மட்டும் தமிழ் அகப்படவில்லை. ஸ்வாத். அரிவாள் போகிற போக்கில் சாய்த்துக்கொண்டே போகும் அந்த வரிசை. நாம் அரி என்பது கைப்பிடி அளவுதானே? ஒரு ஆள் பிடித்து அறுத்துக்கொண்டு போகிற அந்த வரிசைக்கு என்ன சொல்வோம்? உங்களுக்கு நினைவில்லை என்றால் அம்மாவைக் கேளுங்கள், அவள்தான் அறுப்புக்குப் போனவள். போனில் வேண்டாம், எழுதியே அனுப்புங்கள். அந்தப் பாட்டியின் தாளிலேயே குறித்து வைக்கவேண்டும்.

அன்புடன்,
உங்கள் மகள்