மெட்டை எடுத்தால் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சுட்ட மெட்டுகளைப் பட்டியல் போட்டு சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஒரு பாட்டு இன்னொரு பாட்டைப் போல இருந்தால் அது திருட்டு, அவ்வளவுதான் என்று கட்டுரையாளர் முடித்துவிட்டார். கிட்டார் சொல்லித்தருகிற எனக்கு அது மனதுக்கு ஒப்பவில்லை. எடுத்ததை வைத்து என்ன செய்தார்கள் என்று கேட்காமல் எப்படித் தீர்ப்புச் சொல்வது?

ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி இருந்த பிரிட்டன் இசைக்குழுவான பீட்டில்ஸையே பார்க்கலாம். 1961-இல் பாபி பார்க்கர் என்ற அமெரிக்க ப்ளூஸ் (கறுப்பின மக்களிடையே பிறந்த இசை வகை) கலைஞர் 'வாட்ச் யுவர் ஸ்டெப்' என்ற பாட்டை வெளியிட்டார். அந்தப் பாட்டின் உயிரே அதில் ஓயாமல் சுற்றிச் சுற்றி வரும் சின்னக் கிட்டார் துண்டு, அதாவது ரிஃப்தான். ஜான் லெனனுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. 1964-இல் வந்த 'ஐ ஃபீல் ஃபைன்', 1965-இல் வந்த 'டே டிரிப்பர்' இரண்டிலும் அந்த ரிஃபின் சாயல் உண்டு. ஆனால் அவர் அதை அப்படியே தூக்கி வைக்கவில்லை. 'ஐ ஃபீல் ஃபைன்' பாட்டில் ரிஃப் கார்டின் (சேர்ந்து ஒலிக்கும் சில ஸ்வரங்களின் கூட்டு) ஸ்வரங்களைப் பிரித்துப் பிரித்து ஓடுகிறது. கார்டு மாறினால் ரிஃபும் கூடவே இடம் மாறுகிறது. பார்க்கரிடம் இருந்த ப்ளூஸ் கனம் போய், உற்சாகமாக ஒலிக்கும் மேஜர் கார்டுகளின் வெளிச்சம் வந்துவிடுகிறது. டிரம்ஸ் வாசிப்பு அமெரிக்கப் பாடகர் ரே சார்ல்ஸின் 1959 பாட்டான 'வாட்'ட் ஐ சே'யை ஒட்டியது என்று பால் மெக்கார்ட்னியே சொல்லியிருக்கிறார். ஆக, ஒரே பாட்டில் இரண்டு கடன்.

'டே டிரிப்பர்' வேறு விதம். அதில் ப்ளூஸ் கனம் திரும்பி வருகிறது. பன்னிரண்டு தாளச் சுற்றில் ஒரு வட்டம் முடிகிற வழக்கமான 'பன்னிரண்டு பார்' ப்ளூஸ் என்று நினைத்துக் கேட்டுக்கொண்டே போனால், பாதியில் எதிர்பாராத கார்டுக்குத் தாவிவிடுகிறது. மூன்று பாட்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். சொந்தபந்தம் தெரியும், ஆனால் ஒன்றை இன்னொன்றாக யாரும் நினைக்க மாட்டார்கள். நான் மாணவர்களுக்கு இந்த மூன்றையும் இதே வரிசையில்தான் வாசிக்கக் கொடுக்கிறேன். மெட்டு போடுவது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

சரி, பார்க்கருக்கு அந்த ரிஃப் எங்கிருந்து வந்தது? டிஸ்ஸி கில்லெஸ்பி இசைக்குழுவின் 1947 ஜாஸ் பதிவான 'மான்டெகா'விலிருந்து என்று அவரே சொல்லியிருக்கிறார். கட்டுரையாளரின் கணக்குப்படி பார்த்தால் இவர்களில் யாரைத் திருடர் என்பது?

லெனன் பின்னாளில் பார்க்கரின் பாட்டை வெளிப்படையாகவே குறிப்பிட்டார். அதில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் இசைத்தட்டில் லெனன், மெக்கார்ட்னி பெயர்கள் மட்டும்தான் இருந்தன. பார்க்கர் 2013-இல் இறந்தார். பீட்டில்ஸ் எடுத்துக்கொண்டதில் அவருக்குப் பெருமைதான். தனக்கு இன்னும் கொஞ்சம் அங்கீகாரம் கிடைத்திருக்கலாம் என்ற ஆதங்கமும் அவருக்கு இருந்தது. எனக்கு உறுத்துவது இதுதான். உருமாற்றியது குற்றமே இல்லை, பெயரைச் சொல்லாமல் விட்டதுதான் குறை.

நீதிமன்றத்துக்குப் போனால் சரியாகிவிடும் என்றும் நான் நம்பவில்லை. ஆஸ்திரேலியாவின் 'மென் அட் வொர்க்' குழுவின் 'டவுன் அண்டர்' 1983-இல் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முதலிடம் பிடித்தது. அதில் கிரெக் ஹாம் வாசிக்கும் புல்லாங்குழல் ரிஃபுக்குள் 'கூக்கபரா' என்ற சிறுவர் பாட்டின் துண்டு இருக்கிறது. 1930-களில் மெல்போர்ன் ஆசிரியை மரியன் சின்க்ளேர் எழுதிய பாட்டு அது. கொஞ்சம் ஆஸ்திரேலிய மணம் சேர்க்கத்தான் ஹாம் அதை வாசித்தார். சுற்றியிருக்கும் கார்டுகள் சோக சாயல் கொண்ட மைனர், தாளம் ஜமைக்காவின் ரெகே. அதனால் அந்தத் துண்டின் முகமே மாறிவிட்டது. ஊரே பாடி வளர்ந்த பாட்டு, ஆனாலும் 2007-இல் ஒரு தொலைக்காட்சி வினாடி வினாவில் கேள்வியாக வரும்வரை அது வழக்காகவில்லை. அப்புறம் உரிமையை வைத்திருந்த பதிப்பகம் வழக்குப் போட்டது. 2010-இல் பதிப்பகத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. 2002 முதலான வருமானத்தில் 5 சதவீதம் தர வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. ஹாம் இதில் நொறுங்கிப்போனார். 2012-இல் இறந்தும் போனார்.

பாட்டு உலகம் முழுக்க ஒலித்தபோது சின்க்ளேர் உயிரோடுதான் இருந்தார். அவர் இறந்தது 1988-இல். பதிப்பகம் உரிமையைச் சில ஆயிரம் டாலருக்கு வாங்கியதோ அதற்கும் பிறகு. இசைத்தட்டிலேயே அவர் பெயரை ஒரு வரி போட்டிருந்தால், அந்த அம்மா தன் கண்ணாலேயே அதைப் பார்த்திருப்பார். தீர்ப்பு வந்தபோது பணம் போனது அந்தப் பாட்டை எழுதாதவர்களுக்கு.

நம் ஊர் உதாரணமும் ஒன்று உண்டு. முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்களில் பல, பிரிட்டிஷ் பேண்டு மெட்டுகளை எடுத்துச் சமஸ்கிருத சாகித்யம் போட்டவை. 'சந்ததம் பாஹிமாம்' பாட்டைக் கேட்டால் இங்கிலாந்து தேசிய கீதத்தின் மெட்டு என்று குழந்தைகூடச் சொல்லிவிடும். அவர் மெட்டை மூடி மறைக்கவே இல்லை. இன்றும் அதைக் கச்சேரியில் பாடுகிறார்கள், குழந்தைகளுக்குச் சொல்லித்தருகிறார்கள். அவரை யாரும் திருடர் என்று சொன்னதில்லை.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்படிப் பட்டியல் வெளியிட்டால், ஒவ்வொரு பாட்டுக்கும் எதிரே இரண்டு விஷயங்களை எழுதச் சொல்லுங்கள்: எடுத்ததை எப்படி மாற்றினார்கள், மூலத்தை உருவாக்கியவர் பெயரை இசைத்தட்டிலோ படத்தின் டைட்டிலிலோ போட்டார்களா இல்லையா. போடாமல் விட்டிருந்தால் அந்தப் பெயரை நீங்களாவது பெரிய எழுத்தில் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கிட்டார் ஆசிரியர்,
திருச்சி.