நீ அனுப்பிய சுட்டிகள்

சுங்கை சிப்புட், பேராக்

அன்பு நண்பனுக்கு,

நலம், உன் நலமும் வீட்டார் அனைவரின் நலமும் அறிய ஆவல். இரண்டு வரியில் முடிகிற செய்தியாக இருந்தால் புலனத்திலேயே (வாட்ஸ்அப்) அனுப்பியிருப்பேன். இது கொஞ்சம் நீளமானது. ஜொகூர் பாருவில் பேரப்பிள்ளைகள் தூங்கிய பிறகு நீ நிதானமாகப் படித்துக்கொள்ளலாம் என்று கடிதமாகவே எழுதுகிறேன்.

என் பழைய கணினியைச் சென்ற வாரம் பழைய சாமான் வாங்குபவரிடம் கொடுத்துவிடலாம் என்று எடுத்தேன். கொடுப்பதற்கு முன் அதிலிருந்த கோப்புகளை ஒருமுறை துழாவினேன். 2010 டிசம்பரில், இணையப் பக்கங்களின் சுட்டிகளை நாம் சேமித்து வைத்திருந்த டெலிசியஸ் தளத்தை யாகூ கைவிடப்போகிறது என்ற செய்தி கசிந்தபோது, நீ தொலைபேசியில் கூப்பிட்டு "இருப்பதையெல்லாம் இறக்கி வைத்துக்கொள்" என்று அவசரப்படுத்தினாயே, அன்று இறக்கிய கோப்பு அப்படியே இருந்தது. நானூறுக்கும் மேற்பட்ட சுட்டிகள், அவற்றுக்கு நான் இட்ட குறிச்சொற்கள், அங்கங்கே ஒரு வரிக் குறிப்புகள். கோப்பின் முதல் வரியிலேயே நெட்ஸ்கேப்பின் பெயர் நிற்கிறது. அந்த உலாவி மறைந்து எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனால் புத்தகக்குறிகளை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றுவதற்கு உலாவிகள் இன்றும் அது வகுத்த கோப்பு வடிவத்தைத்தான் பயன்படுத்துகின்றன. நாம் நம்பியிருந்த தளங்களைவிட அந்த எளிய கோப்புக்குத்தான் ஆயுள் கெட்டி.

நமக்கு அந்தத் தளம் ஏன் தேவைப்பட்டது என்பதை நீ மறந்திருக்கமாட்டாய். 2006இல் நம் இருவரிடமும் சொந்தக் கணினி கிடையாது. பட்டணத்துச் சைபர் கஃபேயில் மணிக்கணக்கில் காசு கொடுத்து உட்கார்ந்து, உலாவியில் எதைச் சேமித்து வைத்தாலும், மறுநாள் அதே இருக்கையில் வேறொரு பையன் விளையாடிக்கொண்டிருப்பான்; நாம் சேமித்தது போன இடம் தெரியாது. ஜோஷுவா ஷாக்டர் என்பவர், சுட்டிகளைத் தமக்காக ஓர் உரைக்கோப்பில் குவித்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓரிரு சொல்லைக் குறித்து வந்த பழக்கத்திலிருந்து 2003இல் தொடங்கியதுதான் டெலிசியஸ். கடவுச்சொல் ஒன்று நினைவிருந்தால் போதும், எந்தக் கணினியிலும் நம் பட்டியல் நம்முடையதாக இருந்தது. அதைவிட எனக்குப் பிடித்தது இன்னொன்று: நான் சேமித்த பக்கத்தை வேறு எத்தனை பேர் சேமித்திருக்கிறார்கள் என்று காட்டும், அவர்களில் ஒருவரைத் தொட்டால் அவருடைய முழுப் பட்டியலும் விரியும். முகம் தெரியாத ஒருவரின் புத்தக அலமாரிக்கு முன் நின்ற உணர்வு அது. தேடுபொறி நாம் கேட்டதைத் தரும். அந்த அலமாரியோ நமக்குக் கேட்கத் தெரியாதவற்றையும் வைத்திருந்தது.

குறிச்சொற்களில் நாம் பட்ட பாட்டை இப்போது பார்த்தால் சிரிப்பு வருகிறது. அந்நாளில் குறிச்சொற்களை இடைவெளிதான் பிரிக்கும் என்பதால், 'சுங்கை சிப்புட்' என்று நான் இட்டது 'சுங்கை' என்றும் 'சிப்புட்' என்றும் இரண்டாக முறிந்து, 'சுங்கை' என்று தேடினால் சுங்கை பட்டாணியும் சுங்கை பூலோவும் சேர்ந்து வந்து நின்றன. நான் 'ரப்பர்' என்றேன், நீ 'பால்மரம்' என்றாய், உன் சித்தப்பா மகன் 'கித்தா' என்றான். ஒரே மரத்துக்கு மூன்று பெயர் இருந்ததால் ஒருவர் சேர்த்தது மற்றவர் கண்ணில் படவில்லை. நூலகராக இருந்தால் இதைக் குறை என்பார். நான் அப்படிச் சொல்லமாட்டேன். 'கித்தா' என்ற சொல்லைப் பார்த்தவுடனே அதைச் சேமித்தவன் யார் என்பது எனக்குத் தெரிந்துவிடுகிறதே.

கோப்பில் உள்ளவற்றை நான்கு மாலைகள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். பாதிக்கு மேல் திறக்கவில்லை. ரப்பர் தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தைப் பற்றி யாரோ எழுதிய தொடர், செம்பனைக்காக இடிக்கப்பட்ட ஒரு லயத்தின் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) படங்கள், தீமிதித் திருவிழாப் பாடல்களின் தொகுப்பு ஆகியவற்றுக்கு முகவரி மட்டுமே மிச்சம். அப்போதுதான் என் அப்பாவின் நோட்டு நினைவுக்கு வந்தது. தோட்டத்து எழுத்தரான கிராணி கொடுத்த பழைய பேரேட்டில், தமிழ் நேசன் நாளிதழிலிருந்து வெட்டிய கட்டுரைகளைச் சோற்றுப் பசையால் ஒட்டி, வாரம் ஒரு வீடாக லயம் முழுவதும் அனுப்பிவைப்பார்; படித்தவர்கள் ஓரத்தில் பென்சிலால் ஏதாவது எழுதித் திருப்புவார்கள். 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019இல் நின்றுவிட்டது. ஆனால் பூச்சி அரித்த ஓட்டைகளோடு அந்தப் பேரேடு என் அலமாரியில் இன்னும் இருக்கிறது. அவர் செய்தியையே வெட்டி வைத்தார். நாம் செய்தி இருக்கும் இடத்தை மட்டும் குறித்து வைத்துவிட்டு, அதையே சேமிப்பு என்று நம்பினோம்.

தளங்களின் கதையும் அப்படித்தான். டெலிசியஸ் 2011இல் யூடியூபைத் தொடங்கியவர்களின் கைக்குப் போய், பிறகும் கைமாறி, 2017இல் பின்போர்டு என்ற சிறிய போட்டித் தளத்தை நடத்தும் மச்சேய் செக்வோவ்ஸ்கியிடம் 35,000 டாலருக்கு வந்து சேர்ந்தது. இங்கே ஒரு மலிவு விலை வீட்டை வாங்கும் தொகை, அவ்வளவுதான். புதுப்புதுப் பக்கங்களைக் காட்டிவந்த ஸ்டம்பில்அப்பான் 2018இல் மூடப்பட்டது. பிறகு படிப்பதற்காகப் பக்கங்களைச் சேமிக்க உதவிய மொசில்லாவின் பாக்கெட் 2025 ஜூலையில் நின்றது. கட்டணம் வாங்கும் பின்போர்டு மட்டும், கூடுதலாகப் பணம் கட்டுபவர்களுக்குப் பக்கத்தின் நகலையே எடுத்து வைக்கிறது. அந்த ஒரு யோசனை எனக்கு அப்பாவின் நோட்டை நினைவூட்டுகிறது.

இப்போது நான் செய்வதைச் சொல்கிறேன். திறக்காத ஒவ்வொரு முகவரியையும் பழைய இணையப் பக்கங்களின் நகல்களை வைத்திருக்கும் இணைய ஆவணகத்தின் வேபேக் மெஷினில் இட்டுப் பார்க்கிறேன். லயத்துப் படங்கள் இரண்டு அங்கே கிடைத்தன. தொடரில் மூன்று பகுதிகள் கிடைத்தன. இன்னும் உயிரோடு இருக்கும் பக்கங்களை அதே இடத்தில் பதிவு செய்யச் சொல்லிக் கட்டளையிடுகிறேன். முகவரியை இட்டு ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். எனக்கென்று ஒரு நகலையும் இறக்கிக்கொண்டு, எதற்காக அதைச் சேமித்தேன் என்று இரண்டு வரி எழுதுகிறேன். இந்த இரண்டு வரிதான் கடினமான வேலை. பழைய கோப்பில் குறிப்பு எழுதாத சுட்டி எதைப் பார்த்தாலும், அந்நாளில் அதில் எனக்கு என்ன பிடித்தது என்று எனக்கே விளங்கவில்லை.

நம் தோட்டத்து ஆட்களின் புலனக் குழுவிலும் நாள்தோறும் சுட்டிகள் வருகின்றன. காலை வணக்கப் படங்களுக்கு அடியில் மாலைக்குள் புதைந்துபோகின்றன. அவற்றில் தோட்ட வாழ்க்கையைப் பற்றியவற்றை மட்டும் பொறுக்கி, நான் சொன்ன முறையில் ஒரு பொதுப் பட்டியலில் சேர்க்கத் தொடங்கியிருக்கிறேன். நீயும் அந்த 2010ஆம் ஆண்டுக் கோப்பை வைத்திருப்பாய். என்னைவிட நீ ஒழுங்கானவன். அதை மின்னஞ்சலில் அனுப்பு. குறிச்சொற்களைத் திருத்தாமல் அனுப்பு. 'பால்மரம்' 'பால்மரமாகவே' இருக்கட்டும்.

இன்னொன்று கேட்க வேண்டும். நண்பரின் பெயரையே குறிச்சொல்லாக இட்டு ஒரு பக்கத்தை அவருக்கு அனுப்பும் வசதி அப்போது இருந்தது அல்லவா? நீ அப்படி எனக்கு அனுப்பி, நான் படிக்காமலே என் பட்டியலில் போட்டு வைத்தவை பதினொன்று இருக்கின்றன. பத்தை எப்படியோ தேடிப் படித்துவிட்டேன். ஒன்று மட்டும் எங்கும் கிடைக்கவில்லை. வேபேக் மெஷினிலும் இல்லை. தலைப்பு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் எண்கள் இருக்கின்றன. குறிப்பில் "இதை நீ கட்டாயம் படிக்க வேண்டும், படித்துவிட்டுக் கூப்பிடு" என்று எழுதியிருக்கிறாய். நான் படிக்கவும் இல்லை, கூப்பிடவும் இல்லை. அதில் என்ன இருந்தது?

உன் பதிலை எதிர்பார்த்திருக்கும்,
பழைய தோழன்