கார்த்திக்கு, அந்தத் துப்பாக்கி விஷயமாக

அன்புள்ள கார்த்தி,

இங்கே நாங்கள் நலம். அப்பாவுக்கு இருமல் நின்றுவிட்டது. போனில் இதைப் பேச ஆரம்பித்தால், "உனக்கு இந்த ஊர் தெரியாதும்மா" என்று பாதியிலேயே முடித்துவிடுவாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கிரீன் கார்டு வந்தாயிற்று, இனி ஒரு கைத்துப்பாக்கி வாங்கி இடுப்பில் சட்டைக்குள் வைத்துக்கொள்ளப் போகிறேன், ஹோட்டலுக்குச் சாப்பிடப் போனாலும் கூடவே இருக்கட்டும் என்றாய். எச்1பி விசாவில் இருந்தவரை, வேட்டை லைசென்ஸ் மாதிரி ஏதாவது இருந்தாலொழிய நீ துப்பாக்கியைத் தொடவே கூடாது. அந்தத் தடை இப்போது இல்லை. நீ இருக்கிற டெக்சாஸிலோ 2021 செப்டம்பர் 1-லிருந்து, 21 வயது முடிந்து வேறு தடை இல்லாத யாரும் லைசென்ஸே இல்லாமல் மறைத்து எடுத்துப் போகலாம். லைசென்ஸ் கேட்டால் இன்றும் தருகிறார்கள்: நாலிலிருந்து ஆறு மணி நேர வகுப்பு, 50 குண்டு சுட்டுக் காட்ட வேண்டும். வேண்டாமென்றால் அதுவும் வேண்டாம். ஆக, ஏன் என்று உன்னைக் கேட்க அங்கே ஆளில்லை. நான்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

நான் தாலுகா ஆபீஸில் இருந்தபோது துப்பாக்கி லைசென்ஸ் கோப்புகள் என் மேஜை வழியாகத்தான் கலெக்டர் ஆபீஸுக்குப் போகும். நீ அப்போது சின்னப் பையன், உனக்கு ஞாபகம் இருக்காது. பெரும்பாலும் மலையடிவாரத்துக்காரர்கள். காட்டுப்பன்றி கிழங்கைத் தோண்டிப்போடுகிறது, ஒற்றைக் குழல் துப்பாக்கி வேண்டும் என்று வருவார்கள். வி.ஏ.ஓ. நிலத்தைப் போய்ப் பார்த்து சர்வே எண்ணோடு எழுதுவார். ஆர்.ஐ. அறிக்கை வைப்பார். போலீஸிலிருந்து தனியாக ஒன்று வரும். யார் எழுதினாலும் பதில் ஒரே கேள்விக்குத்தான்: இந்த ஆளுக்கு இது எதற்கு? பன்றிக்காகக் கேட்டவர்கள் பாடு ஓரளவு சுலபம். 'உயிருக்கு ஆபத்து' என்று கைத்துப்பாக்கி கேட்டு வருகிறவரைத்தான் குடைவார்கள். யாரால் ஆபத்து, புகார் கொடுத்தீர்களா, எஃப்.ஐ.ஆர். எங்கே. நோண்டிப் பார்த்தால் பலருக்கு ஆபத்து ஒன்றும் இருக்காது, கவுரவம்தான். தேர்தல் அறிவித்தால் வாங்கியதையும் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. நம் முறை ரொம்ப யோக்கியம் என்று சொல்ல வரவில்லை, சிபாரிசு எங்கேதான் நுழையாது? ஆனாலும் அந்தக் கேள்வி அங்கே இருந்தது.

நியூயார்க்கிலும் அதே கேள்வி நூறு வருஷத்துக்கு மேல் இருந்திருக்கிறது. மறைத்து எடுத்துப் போக லைசென்ஸ் வேண்டுமென்றால் தகுந்த காரணம் காட்ட வேண்டும். 2022 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்ற கணக்கில் அதைத் தள்ளிவிட்டது. தீர்ப்பு எழுதியவர் கிளாரன்ஸ் தாமஸ். வேறெந்த உரிமைக்கும் அதிகாரி முன்னால் போய் எனக்கு இது விசேஷமாகத் தேவை என்று நிரூபிக்க வேண்டியதில்லையே, இதற்கு மட்டும் ஏன் என்பது அவர் வாதம். சரி, அதிகாரி கேட்கக் கூடாது. உன்னை நீயே கேட்டுக்கொள்ளக் கூடாது என்று அவர் எழுதவில்லையே.

நீ சொன்ன காரணம் உங்கள் டெக்சாஸில் கில்லீன் என்ற ஊரில் நடந்தது. அன்று இரவே அதைத் தேடிப் படித்தேன். 1991 அக்டோபர் 16, லூபிஸ் கஃபேட்டேரியா, மதியச் சாப்பாட்டு நேரம். ஒருவன் பிக்கப் வண்டியைக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே ஓட்டி வந்து, இறங்கிச் சுட ஆரம்பிக்கிறான். 23 பேர் செத்தார்கள். சுசானா ஹப் என்ற பெண் அப்பா அம்மாவோடு சாப்பிட வந்திருக்கிறார். அவருடைய துப்பாக்கி வெளியே காரில் கிடக்கிறது. கைப்பையில் மறைத்து வைத்திருந்தால் அன்றைய டெக்சாஸ் சட்டப்படி குற்றம், தொழில் உரிமம் போய்விடுமோ என்று காரில் விட்டிருந்தார். அப்பா அவன் மேல் பாயப் போய்ச் சுடப்பட்டார். மகள் உடைந்த ஜன்னல் வழியாக வெளியே ஓடினார், அம்மா பின்னாலேயே வருகிறார் என்ற நினைப்பில். அம்மா வரவில்லை. புருஷனைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார், அவரையும் அங்கேயே சுட்டான். கார்த்தி, நானும் வந்திருக்க மாட்டேன். உங்கப்பாவை விட்டு எங்கே வருவது.

தன் கையைக் கட்டிப்போட்ட சட்டமன்றத்தின் மேல்தான் தனக்குக் கோபம் என்று அந்தப் பெண் ஊர் ஊராகப் போய்ச் சாட்சி சொன்னார். லைசென்ஸோடு மறைத்து எடுத்துப் போகலாம் என்பதை 1993-ல் டெக்சாஸ் கவர்னர் ஆன் ரிச்சர்ட்ஸ் தடுத்தார், 1995-ல் அடுத்த கவர்னர் ஜார்ஜ் புஷ் கையெழுத்தில் அது சட்டமானது. அடுத்த வருஷமே ஹப் சட்டமன்றத்துக்குத் தேர்வானார். அவரோடு வாதாட எனக்கு வாய் வராது. அதோடு 2022-ல் இண்டியானாவில், மால் சாப்பாட்டுக் கடைகள் நடுவே மூன்று பேரைச் சுட்டுக் கொன்றவனை, சாதாரண 22 வயதுப் பையன் ஒருவன் சில விநாடிகளில் சுட்டு வீழ்த்தியிருக்கிறான். அந்த மாலில் துப்பாக்கி கூடாது என்று விதி வேறு. நீ சொல்வது நடக்காத கதை இல்லை, ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் கில்லீன் மாதிரி ஒரு நாளுக்காக நீ வாங்குவாய், மற்ற எல்லா நாளும் அது உன் இடுப்பில் இருக்கும். எனக்குப் பயம் அந்த மற்ற நாட்களைப் பற்றித்தான்.

2014 ஜனவரி, ஃப்ளோரிடாவில் ஒரு சினிமா தியேட்டர். படம்கூட ஆரம்பிக்கவில்லை. முன் வரிசையில் ஒருவர் போனில் மெசேஜ் அனுப்புகிறார், பின்னால் இருந்தவர் கண்டிக்கிறார், வாய்த் தகராறு, பாப்கார்ன் பறக்கிறது. பின்னால் இருந்தவர் சட்டென்று துப்பாக்கியை எடுத்துச் சுட்டுவிட்டார், முன்னால் இருந்தவர் செத்துப்போனார். சுட்டவர் ரவுடி இல்லையப்பா, 71 வயது, ஓய்வுபெற்ற போலீஸ் கேப்டன். உன்னைவிட எத்தனை மடங்கு பயிற்சி இருந்திருக்கும்! 2022-ல் தற்காப்பு என்று விடுதலையும் ஆகிவிட்டார். கோர்ட் விட்டால் ஆச்சா? சினிமா பார்க்கப் போன ஒருவன் வீட்டுக்குத் திரும்பவில்லை. அவரிடம் துப்பாக்கி இல்லாதிருந்தால் இரண்டு பேரும் திட்டிக்கொண்டே படம் பார்த்திருப்பார்கள்.

போன தடவை நாங்கள் வந்தபோது இந்தியக் கடை பார்க்கிங்கில் ஒருத்தன் உன் இடத்தில் வண்டியைச் சொருகினான். நீ கண்ணாடியை இறக்கிவிட்டுக் கத்தின கத்தலில் பின் சீட்டில் குழந்தை அழுதாள். அது உங்கப்பா வழிக் கோபம், ஐந்து நிமிஷத்தில் இறங்கிவிடும், எனக்குத் தெரியும். அந்த ஐந்து நிமிஷத்தைத்தான் சொல்கிறேன். எதிராளி இடுப்பிலும் ஒன்று இருக்கலாம் என்பதையும் சேர்த்துக்கொள்.

இன்னொன்றும் எழுதியாக வேண்டும். அதே 2014 டிசம்பரில் ஐடஹோவில் ஒரு வால்மார்ட். ஓர் அம்மா, விஞ்ஞானி, லைசென்ஸ் எடுத்து முறையாகப் பழகியவர். துப்பாக்கி வைப்பதற்கென்றே தனி ஜிப் வைத்த கைப்பை. தள்ளுவண்டியில் பையும், பக்கத்தில் இரண்டு வயசுப் பிள்ளையும். அந்தப் பிஞ்சுக் கை ஜிப்பைத் திறந்து எடுத்துவிட்டது. அம்மா அங்கேயே போய்விட்டார். யாழினி என் கைப்பையை என்ன பாடு படுத்தினாள் என்று நீ பார்த்தாய்தானே. மூன்று ஜிப்பையும் திறந்து, மாத்திரை அட்டை, சில்லறை, கோயில் திருநீற்றுப் பொட்டலம் எல்லாவற்றையும் சோபாவில் பரப்பினாள். நீ ஆபீஸிலிருந்து வந்ததும் ஓடிப்போய்க் கட்டிக்கொள்வது உன் இடுப்பைத்தான்.

அப்புறம் ஹோட்டல். வாசலில் துப்பாக்கி கூடாது என்று ஒரு அங்குல எழுத்தில் ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் எழுதிய போர்டு இருந்தால் உள்ளே கொண்டுபோகக் கூடாது. மது வியாபாரத்தில்தான் 51 சதவீதமோ அதற்கு மேலோ வருமானம் என்றால் சிவப்பில் 51 போட்ட போர்டு. அங்கெல்லாம் காரில் விட்டுவிட்டுத்தான் போவாய், காரிலிருந்து துப்பாக்கி திருட்டுப் போவது அந்த ஊரில் சர்வசாதாரணம். வெள்ளிக்கிழமை பியர் குடிக்கிற பழக்கம் உனக்கு இல்லை என்று அப்பா நம்புகிறார், நான் அதற்குள் போகவில்லை.

வீட்டில் ஒன்று வேண்டும் என்று உனக்கும் சுபாவுக்கும் தோன்றினால் நான் குறுக்கே நிற்கவில்லை. நம்பர் போட்டுத் திறக்கிற இரும்புப் பெட்டி முதலில் வாங்கு, துப்பாக்கி அதற்குப் பிறகு. குண்டு போட்ட துப்பாக்கி 17 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை கையில் எட்டும்படி இருந்தால் டெக்சாஸிலேயே அது குற்றம். ஆனால் சாப்பிடப் போகிற இடத்துக்கு வேண்டாம்.

சுபா இதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்றாய். கேட்டாயா, அல்லது அவள் பேசாமல் இருந்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாயா? அவளிடம் இந்தக் கடிதத்தைக் கொடு. ஞாயிற்றுக்கிழமை அவளையே போனை எடுக்கச் சொல்.

அன்புடன்,
அம்மா