போர்ப் படங்களின் ஓரங்களை வெட்டாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

முழுமைத் தற்காப்பு தினத்தையொட்டிப் பிப்ரவரி தோறும் ஒரு படம் பத்திரிகைகளிலும் கைப்பேசிகளிலும் தவறாமல் வரும். 1942 பிப்ரவரி 15 அன்று, புக்கிட் தீமாவிலுள்ள ஃபோர்ட் தொழிற்சாலைக்குப் பிரிட்டிஷ் அதிகாரிகள் சரணடைய நடந்துபோகும் படம். சிங்கப்பூரின் வீழ்ச்சி என்றதும் பலருக்கு நினைவில் எழுவது அதுதான். ஒரு நாட்டின் வரலாற்றையே சுமக்கும் படம் என்பதால், அதைப் பதிப்பிக்கும்போது கூடுதல் அக்கறை வேண்டும் என்று கேட்கவே இக்கடிதம்.

இடது ஓரத்தில் வெள்ளைக் கொடியுடன் மேஜர் வைல்ட். அடுத்து, பிரிட்டிஷ் கொடியான யூனியன் ஜாக் ஏந்திய பிரிகேடியர் நியூபிகிங். நடுவில் ஜப்பானிய அதிகாரி சுகிதா, பிறகு பிரிகேடியர் டோரன்ஸ், வலது ஓரத்தில் பிரிட்டிஷ் தரப்புத் தளபதி பெர்சிவல். கைப்பேசித் திரைக்காக இதைச் சதுரமாக வெட்டினால் தளபதியோ வெள்ளைக் கொடியோ, இரண்டில் ஒன்று கட்டாயம் போய்விடும். மென்பொருள் தானாக நடுப்பகுதியை எடுத்துக்கொண்டால் இரண்டுமே போகும். படம் சிறிதாக வந்தாலும் பரவாயில்லை, முழுதாக வரட்டும்.

அதைவிட முக்கியம், படத்தை எடுத்தது ஜப்பானியத் தரப்பு என்பது. அன்று காலை வந்த பிரிட்டிஷ் தூதுக்குழுவை, பெர்சிவலே நேரில் வர வேண்டும் என்று திருப்பி அனுப்பியவர்களும் அவர்களே. ஜப்பானியத் தளபதி யமாஷித்தாவின் படை ஏறத்தாழ 30,000 பேர்தான். பீரங்கிக் குண்டுகள் குறைந்துகொண்டே வந்த நிலையில், தம்மைவிடப் பெரிய படையை அவர் மிரட்டியே பணியவைத்தார். மாலை 6.10க்குக் கையெழுத்தானது. இதில் எதுவும் படத்தில் தெரியாது. வென்றவர் காட்ட விரும்பியது மட்டுமே தெரியும். படக்குறிப்பில் எழுதாவிட்டால் வாசகருக்கு வேறு வழியில்லை.

1972 ஜூன் 8 அன்று வியட்நாமின் ட்ராங் பாங்கில் எடுத்த, குண்டுத் தீயில் வெந்து ஓடிவரும் சிறுமியின் படம் போரையே நிறுத்தியது என்று அடிக்கடி எழுதுகிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. நேப்பாம் எனும் அந்தத் தீக்குண்டைப் போட்டது தென்வியட்நாம் விமானம். 1969இல் 5 லட்சத்தைத் தாண்டியிருந்த அமெரிக்கப் படையில் அப்போது பெரும்பகுதி ஊர் திரும்பிவிட்டது. அமெரிக்க மக்களின் மனமும் 1968லேயே மாறத் தொடங்கிவிட்டது. ஏற்கெனவே இருந்த கசப்புக்கு அந்தப் படம் ஒரு முகம் கொடுத்தது, அதுவே பெரிய வேலை. அதன் பரவலான பிரதியிலும் வலது ஓரம் வெட்டப்பட்டுள்ளது. முழுப் படத்தில் அங்கே இன்னொரு புகைப்படக்காரர் தம் கேமராவில் குனிந்து ஃபிலிம் மாற்றிக்கொண்டிருக்கிறார். எடுத்தவர் நிக் உட் என்பதே நெடுங்கால வழக்கம். 2025இல் வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ அமைப்பு அவர் பெயரைக் குறிப்பிடுவதை நிறுத்திவைத்தது, அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் மாற்றவில்லை. இன்று குறிப்பு எழுதுபவர் இதையும் சொல்ல வேண்டும்.

திருத்திய படங்களும் உண்டு. 1945 மே மாதம் பெர்லினில் ரைக்ஸ்டாக் நாடாளுமன்றக் கட்டடக் கூரையில் சோவியத் புகைப்படக்காரர் கால்தேய் எடுத்த சோவியத் கொடிப் படத்தில் ஒரு வீரர் இரு மணிக்கட்டிலும் கடிகாரம் கட்டியிருந்தார். கொள்ளையடித்தது என்று பேச்சு வரும் என்பதால் ஒன்றை அழித்துவிட்டே வெளியிட்டார்கள்.

ஆகவே குறிப்பில், எடுத்தவர் எந்தத் தரப்பு, நாள், இடம், இடமிருந்து வலமாகப் பெயர்கள், படம் வெட்டப்பட்டதா திருத்தப்பட்டதா, சட்டகத்துக்கு வெளியே என்ன நடந்தது என்பவை இருக்கட்டும். இணையத்தில் கிடைக்கும் பிரதியை நம்பாமல் தேசியக் காப்பகம் போன்ற இடத்தின் மூலப் பதிவோடு ஒப்பிட்டால் பாதித் தவறுகள் அங்கேயே பிடிபடும்.

தமிழ்ப் பத்திரிகை என்பதால் இன்னொன்றும் கேட்கிறேன். போர்க்காலத்தில் ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் சயாம் மரண ரயில் பாதை என்றால் உலகுக்குத் தெரிந்த படங்கள் எலும்பும் தோலுமான வெள்ளைக்காரப் போர்க்கைதிகளுடையவை. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர் உள்ளிட்ட ஆசியத் தொழிலாளர்களே அங்கு அதிகம் மடிந்தார்கள். அவர்களைப் படமெடுத்தவர்கள் மிகக் குறைவு, அதனால் அவர்களுக்காகக் கலங்கியவர்களும் குறைவு. அந்தக் கைதிகளின் படத்தை அடுத்த முறை வெளியிடும்போது, அதன் கீழே இவர்களுக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
சிங்கப்பூர் வாசகர்