அரசு மருத்துவமும் பள்ளியும் சோசலிசமா?

அன்பு மகளுக்கு,

அரசு மருத்துவமும் அரசுப் பள்ளியும் சுத்த சோசலிசம் என்று உன்னோடு வேலை செய்பவர் அடித்துச் சொன்னதாகவும், அதை மறுக்கவும் முடியாமல் ஏற்கவும் முடியாமல் திரும்பி வந்ததாகவும் சொன்னாய். போனில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

சோசலிசம் முதலில் கேட்பது உடைமையைப் பற்றி. ஆலை, சுரங்கம், வங்கி, நிலம் இவையெல்லாம் யார் கையில் இருக்க வேண்டும், அவற்றின் லாபம் யாருக்குப் போக வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. தொழில்கள் தனியாரிடம் இருக்க, வரிப்பணத்தில் பள்ளியும் மருத்துவமனையும் நடக்கிற நாடு முதலாளித்துவ நாடாகத்தான் இருக்கும். மேற்கு ஐரோப்பாவில் பெரும்பாலும் அதுதான் நிலைமை.

வரலாற்றைப் பார், இன்னும் தெளிவாகும். தொழிலாளர்களுக்கு நாடு தழுவிய கட்டாய நோய்க் காப்பீட்டை முதலில் சட்டமாகக் கொண்டுவந்தது ஜெர்மனி, 1883-இல். கொண்டுவந்தவர் அந்நாட்டு அரசின் தலைமை அமைச்சர் பிஸ்மார்க், மன்னராட்சியை ஆதரித்த பழமைவாதி. 1878-இலேயே சோசலிச அமைப்புகளுக்கும் கூட்டங்களுக்கும் பத்திரிகைகளுக்கும் தடை போட்டவர் அவர்! தொழிலாளர்கள் சோசலிஸ்டுகள் பக்கம் சாய்ந்துவிடக் கூடாது என்ற கணக்கும் அந்தக் காப்பீட்டுக்குப் பின்னால் இருந்தது. சந்தாவில் மூன்றில் இரண்டு பங்கைத் தொழிலாளியும் ஒரு பங்கை முதலாளியும் கட்டினார்கள். சோசலிசத்தைத் தடுக்க வந்த திட்டத்தையே சோசலிசம் என்றால் என்ன செய்வது?

ஆனால் மறுபக்கத்தை மறைத்துப் பேசினால் அது நேர்மை இல்லை. பிரிட்டனில் 1948 ஜூலை 5-ஆம் தேதி தொடங்கிய தேசிய சுகாதார சேவையை உருவாக்கிய அனூரின் பெவன் தன்னை சோசலிஸ்ட் என்றே சொல்லிக்கொண்டவர். மருத்துவமனைகளை அரசுடைமையாக்கினார். மூக்குக் கண்ணாடிக்கும் பல் செட்டுக்கும் கட்டணம் வைக்கப் போகிறார்கள் என்றதும், 1951-இல் சொந்தக் கட்சியின் அமைச்சரவையிலிருந்தே விலகினார். அந்த மனிதர்மேல் எனக்கு இன்றும் பெரிய மதிப்பு உண்டு. ஆகவே அங்கே சோசலிசத்தின் கை இல்லை என்று நீ வாதாட வேண்டாம், இருந்தது. அதே சமயம், அந்தச் சேவைக்கு முன்னோடியான 1942 அறிக்கையை எழுதிய பெவரிட்ஜ் ஒரு லிபரல், அதாவது தாராளவாதி, சோசலிஸ்ட் அல்ல. 1951-இல் ஆட்சிக்கு வந்த கன்சர்வேடிவ் கட்சியும் சேவையைக் கலைக்கவில்லை.

அப்புறம், எல்லாமே ஒரே மாதிரி அமைப்பும் இல்லை. பிரிட்டனில் பெரும்பாலான மருத்துவமனைகள் அரசினுடையவை. கனடாவில் காப்பீடு அரசுடையது, மருத்துவர்களில் பெரும்பாலோர் தனியாகத் தொழில் செய்பவர்கள். சுவிட்சர்லாந்தில் தனியார் நிறுவனங்களிடம் எல்லோரும் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும். இதில் எது சோசலிசம் என்று அவரிடமே கேள்.

கல்வியிலும் இதே கதைதான். 1763-இல் பள்ளிப் படிப்பைக் கட்டாயமாக்கியது, ஜெர்மன் அரசுகளில் ஒன்றான பிரஷ்யாவின் மன்னர். 1848-இல் எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசப் பொதுக்கல்வி கேட்டது கம்யூனிஸ்ட் அறிக்கை. மன்னருக்கு ஒழுங்கான குடிகள் தேவை, கம்யூனிஸ்டுகளுக்குச் சமத்துவம் தேவை. சந்தைப் பொருளாதாரத்தின் பெரிய ஆதரவாளரான மில்டன் ஃப்ரீட்மன்கூட 1955-இல் பள்ளிகளைத் தனியார் நடத்தலாம் என்றாரே தவிர, அரசு பணம் தரக் கூடாது என்று சொல்லவில்லை.

உன் அம்மா எந்தப் பக்கம் என்று கேட்பாய். நோய் வந்தவர் விலை பேசும் நிலையில் இருப்பதில்லை. எந்தச் சிகிச்சை தேவை என்பதுகூட அவருக்குத் தெரியாது, மருத்துவர் சொல்வதைத்தான் நம்ப வேண்டும். பள்ளிக்குப் போகிற குழந்தையும் தன் பெற்றோரின் வருமானத்தைத் தேர்ந்தெடுத்துப் பிறக்கவில்லை. இந்த இரண்டுக்கும் எல்லோரும் சேர்ந்து பணம் போட வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. அதை சோசலிசம் என்று அழைத்தால் அழைத்துவிட்டுப் போகட்டும், என் கருத்து மாறாது.

சரி, உன் நண்பர் நீண்ட காத்திருப்பைப் பற்றியும், வரிச்சுமை பற்றியும், யாரும் கேள்வி கேட்க முடியாத நிர்வாகம் பற்றியும் பேசினால் குறுக்கே பேசாமல் கேள். அவை உண்மையான குறைகள். யார் நடத்துவது, எவ்வளவு செலவிடுவது, யார் கணக்குக் கேட்பது என்று பேசினால் உங்கள் இருவருக்கும் உருப்படியாக ஏதாவது கிடைக்கும். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா